கணக்கில் வராத கூலி

வந்தாறுமூலையில் இருந்து விவசாயப் பொருளியலில் கலாநிதிப் பட்டம் தேடிப் புறப்படுகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள்?

பேராதனையில் தொடங்கும் ஏ-5 நெடுஞ்சாலை நுவரெலியா மலையேறி, பதுளையில் இறங்கி, மகாஓயா, கரடியனாறு வழியாக வந்து செங்கலடிச் சந்தியில் முடிகிறது. ஏறத்தாழ 275 கிலோமீற்றர். சந்தியில் இருந்து வடக்கே சிறிது தூரம் போனால் வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழகம். இந்தப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பீடத்தில் விரிவுரையாளராகச் சேரும் இளைஞர் ஒருவருக்கு அந்த றோட்டின் மறுமுனை முக்கியமானது. 1975இல் தொடங்கப்பட்ட விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் பேராதனையில்தான் இருக்கிறது. விவசாயப் பொருளியலில் முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ எடுக்க நினைப்பவர் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் கிடைக்காவிட்டால் போகும் இடம் அதுதான். கிடைத்தாலும், பலர் முதலில் அங்கே ஒரு தடவை போய்விட்டே போகிறார்கள்.

இந்த ஊரில் பல்கலைக்கழகம் வந்ததே விவசாயத்தோடுதான். 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி, வந்தாறுமூலை மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது இருந்த பீடங்கள் இரண்டு: விஞ்ஞானம், விவசாயம். இரண்டையும் தாங்கிப் பிடித்தது பேராதனைப் பல்கலைக்கழகம். 1986 ஒக்டோபரில் முழுப் பல்கலைக்கழகமானது. வணிகமும் கலையும் அதற்குப் பிறகு வந்தவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பீடம் 1990இல்தான் தொடங்கியது. ஆக, தமிழ் பேசும் மாவட்டங்களில் விவசாயத்தைப் பட்டப்படிப்பாகச் சொல்லித்தந்த முதல் இடம் வந்தாறுமூலை. மட்டக்களப்பில் அது நடந்ததில் ஆச்சரியமில்லை. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவிக்கு மேற்கே படுவான்கரை. உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, நவகிரி என்று குளங்கள். அவற்றின் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இங்கே ‘வேளாண்மை’ என்றால் நெல் என்றுதான் பொருள். மற்றதெல்லாம் தோட்டம்.

பல்கலைக்கழகம் யுத்தத்தின் நடுவே வளர்ந்த காலமும் சொல்லப்பட வேண்டும். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, இதே வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கூட்டிச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. 2006 டிசெம்பர் 15ஆம் திகதி, துணைவேந்தராக இருந்த விவசாயத் துறைப் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் இரவீந்திரநாத் கொழும்பில், உயர் பாதுகாப்பு வலயத்தில் வைத்துக் காணாமல் போனார். அவரும் திரும்பவில்லை. இந்தப் பீடத்தில் ஒரு தலைமுறை, வயலுக்குப் போய்த் தரவு எடுப்பதே உயிராபத்தாக இருந்த காலத்தில் ஆய்வு செய்தது. 2007 வரை படுவான்கரையில் எந்தக் கிராமம் எந்த வாரம் இடம்பெயரும் என்று யாருக்கும் தெரியாது. மாதிரிக்கென்று தெரிவுசெய்த நூறு வீடுகளில் மறுபோகம் எத்தனை வீட்டில் ஆள் இருக்கும்? அந்தக் காலத்து ஆய்வேடுகளில் தரவு மெலிந்திருந்தால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

படிப்பின் பாதை

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பன்னிரண்டு படிகள். சிறப்புப் பட்டம் ஆறாவது, ஆய்வோடு கூடிய முதுமாணி பத்தாவது, முதுதத்துவமாணி பதினோராவது, கலாநிதி பன்னிரண்டாவது. நல்ல வகுப்புச் சித்தியோடு வெளியேறும் மாணவர் முதலில் தற்காலிக விரிவுரையாளராக, போதனாசிரியராக ஒட்டிக்கொள்வார். வெற்றிடம் வந்தால் தகுதிகாண் விரிவுரையாளர். அங்கிருந்து மணிக்கூடு ஓடத் தொடங்கும். குறித்த காலத்துக்குள் பட்டப்பின் பட்டம் எடுக்காவிட்டால் நியமனம் உறுதியாகாது. இங்கே கலாநிதிப் படிப்பு அறிவுத்தாகத்தால் மட்டும் தொடங்குவதில்லை. வேலையைத் தக்கவைக்கும் படிப்பு அது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எது முக்கியம்’ என்ற கேள்வியை ‘எது சீக்கிரம் முடியும்’ என்ற கேள்வி தள்ளிவிடுவது இந்த அவசரத்தால்தான்.

பணம் எங்கிருந்து வரும்? உலக வங்கியின் 10 கோடி டொலர் கடனில் 2017இல் தொடங்கிய ‘அஹெட்’ திட்டம், விரிவுரையாளர்களைக் கலாநிதிப் படிப்புக்கு வெளியே அனுப்பியது. பொதுநலவாயப் புலமைப்பரிசில், இந்திய அரசின் புலமைப்பரிசில் போன்றவையும் உண்டு. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மொழியாலும் பயிராலும் நெருக்கமானது. கற்கை விடுமுறையில் போகிறவர் ஒப்பந்தம் எழுத வேண்டும், பிணைக்கு ஆள் காட்ட வேண்டும். படித்த காலத்துக்கு ஈடாகத் திரும்பிவந்து சேவை செய்ய வேண்டும். வராவிட்டால் பல்கலைக்கழகம் கொடுத்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

2022இல் இந்த ஒப்பந்தத்துக்கு என்ன நடந்தது என்பதை வேறெந்தத் துறையினரையும் விட விவசாயப் பொருளியல்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. ரூபாயில் வாங்கிய சம்பளத்தை ரூபாயில் திருப்பிக் கட்டுகிறவருக்கு, டொலரில் உழைத்தால், கடன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. மறுபக்கத்தில், திரும்பி வருகிறவரின் சம்பளமும் அதே பாதிதான். நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் அந்த வருடங்களில் நாற்காலிகள் வெறுமையாகின. தேசப்பற்று இல்லை என்று திட்டுவது சுலபம். விலைகள் மாறினால் மனிதர்கள் முடிவை மாற்றுவார்கள் என்று முதலாம் வருட மாணவருக்கு நாம்தானே சொல்லித்தருகிறோம்?

ஒரு வினாக்கொத்தின் மூன்றாம் பக்கம்

ஆய்வு எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பெரும்போக அறுவடை முடிந்து, தை மாசி வெயிலில், விரிவுரையாளரோ அவர் அனுப்பிய இறுதியாண்டு மாணவரோ கமநல சேவைகள் நிலையத்தில் வாங்கிய கமக்காரர் பட்டியலோடு படுவான்கரைக்குப் போகிறார். முதல் பக்கம் குடும்பம், படிப்பு, வயது. இரண்டாம் பக்கம் நிலம்: சொந்தமா, குத்தகையா, எத்தனை ஏக்கர். மூன்றாம் பக்கத்தில் உழைப்பு வருகிறது. சிக்கல் அங்கேதான்.

“தண்ணி பாய்ச்ச, வரம்பு பார்க்க எத்தனை ஆள் பிடிச்சீங்க ஐயா?”

“ஆள் எங்க தம்பி பிடிக்கிற? நானும் மகனும்தான்.”

“அப்ப கூலி?”

“என்ட வயலுக்கு எனக்கு ஆர் கூலி தாற?”

கேட்பவர் பேனையைப் பிடித்தபடி நிற்பார். அந்தப் பெட்டியில் பூச்சியம் போடுவதா, ஊரில் ஓடும் நாட்கூலியைப் போடுவதா? விவசாயத் திணைக்களம் போகத்துக்குப் போகம், மாவட்ட வாரியாக வெளியிடும் பயிர்ச்செய்கைச் செலவுப் புத்தகம் இதற்கு ஒரு நேர்மையான வழியை வைத்திருக்கிறது. குடும்ப உழைப்பு போன்ற கைக்காசு போகாத செலவுகளுக்கு மதிப்புப் போட்டு ஒரு கணக்கு, போடாமல் இன்னொரு கணக்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் இலாபம் தெரியும் வயல் மற்றதில் நட்டமாகலாம். வருடா வருடம் நட்டப்படுகிறவர் ஏன் திரும்பவும் விதைக்கிறார்?

இதே கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்னர் ரஷ்யாவில் ஒருவர் வாழ்க்கையைக் கொடுத்தார். குடும்பப் பண்ணை கூலி கொடுத்து இலாபம் பார்க்கும் நிறுவனம் அல்ல. வீட்டின் வயிறுகளையும் உடம்பின் களைப்பையும் எடைபோட்டு நடப்பது என்று சயனோவ் 1920களில் எழுதினார். ஸ்டாலின் ஆட்சி 1930இல் அவரைச் சிறைபிடித்து, 1937இல் சுட்டுக் கொன்றது. அவர் போட்ட கேள்வியை மேசையில் இருந்து யாராலும் அகற்ற முடியவில்லை.

படுவான்கரையில் இன்னொரு உழைப்பும் இருக்கிறது: யானைக்காவல். கதிர் முற்றும் வாரங்களில் இரவு முழுக்க வாடியில் விழித்திருந்து, வெடி கொளுத்தி, விளக்கடித்து, விடியக் கண் சிவந்து வீட்டுக்கு வருகிறவருக்கு எந்த நாட்கூலியைப் போடுவது? மறுநாள் பகலில் அவர் வேறு வேலைக்குப் போக முடியாதே, அந்த நாளும் சேருமா? பல வினாக்கொத்துகளில் இதற்குப் பெட்டியே இருக்காது. பெட்டி இல்லாததை எந்தக் கணினி மென்பொருளும் கண்டுபிடித்துத் தராது.

விற்பனைப் பக்கத்திலும் இதே கதை. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல் கிலோவுக்கு 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று விலை சொன்னது. நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவதென்றால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறுவடை மெசினில் இருந்து கொட்டும் நெல்லில் ஈரம் அதைவிட எவ்வளவோ கூட. காயவைக்கத் தளம் வேண்டும், நாள் வேண்டும், மழை வராதிருக்க வேண்டும், முக்கியமாகக் கடன்காரர் காத்திருக்க வேண்டும். வயல் ஓரத்தில் லொறியோடு நிற்கும் வியாபாரிக்கு ஈர நெல்லைக் கொடுப்பவர் அறியாமையால் கொடுக்கிறார் என்று எழுதும் ஆய்வேடு, அவருடைய கடன் கொப்பியைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஊர்ப்பெயர் மட்டும் மாறும் ஆய்வுகள்

இனிச் சற்றுக் கசப்பான விஷயம். தெற்காசியாவில் விவசாயப் பொருளியல் ஆய்வேடுகளில் ஒரு அச்சு இருக்கிறது: நெல் விவசாயிகளின் தொழில்நுட்ப வினைத்திறன். கொப்பும் டக்ளஸும் 1928இல் கொடுத்த உற்பத்திச் சார்பு, 1977இல் வந்த எழுமாற்று எல்லை முறை, இருநூறு வீட்டுத் தரவு. முடிவு: விவசாயிகள் அடையக்கூடியதில் இத்தனை சதவீதத்தையே அடைகிறார்கள், கல்வியும் விரிவாக்கச் சேவையும் கடனும் கிடைத்தால் வினைத்திறன் கூடும். தலைப்பில் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறும். முறையில் பிழையில்லை. நல்ல கைகளில் அது கூர்மையான கருவி. ஆனால் பதில் எப்படி வரும் என்று தரவு எடுக்க முன்னரே தெரிந்தால், அதற்கு நாலு வருடம் எதற்கு?

தியோடர் ஷுல்ட்ஸ் 1964இலேயே, ஏழை விவசாயி தன் கையில் உள்ளதைக் கொண்டு செய்யக்கூடியதை ஏறத்தாழச் சரியாகத்தான் செய்கிறார், குறை அவருக்குக் கிடைக்கும் கருவியிலும் வாய்ப்பிலும் இருக்கிறது என்று வாதிட்டார். 1979இல் ஆர்தர் லூயிஸோடு நோபல் பரிசைப் பகிர்ந்தார். ஷுல்ட்ஸ் கலாநிதிப் பட்டம் எடுத்தது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். 1909இல் விவசாயப் பொருளியலுக்கென்று தனித் துறை தொடங்கிய இடம் அது. 1920களில் அங்கே வந்து விவசாயப் பொருளியல் படித்த இலங்கையர் ஒருவர் உண்டு: பிலிப் குணவர்தன. முப்பது வருடம் கழித்து அவர் விவசாய அமைச்சரானார். 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் அவர் கொண்டுவந்தது. வாரத்துக்குச் செய்கிறவரை நினைத்தபடி வயலை விட்டு எழுப்ப முடியாது, காணிக்காரருக்குக் கொடுக்கும் பங்குக்கு உச்சம் உண்டு என்றது அது. விஸ்கான்சினில் படித்தது மட்டும்தான் சட்டமானது என்று சொல்வது மிகை. அவர் இடதுசாரி இயக்கத்தில் புடம் போடப்பட்டவர். ஆனாலும் காணி உறவு ஒரு பொருளியல் கேள்வி என்பது அவருக்குச் சந்தேகமே இல்லாத விஷயமாக இருந்தது.

கிழக்கில் அந்தக் கேள்வி போடியார், முல்லைக்காரர், வயற்காரர் என்ற அடுக்குகளில் வாழ்ந்தது. போடியாருக்கு நிலம், முல்லைக்காரருக்கு மேற்பார்வை, வயற்காரருக்கு உழைப்பும் பங்கும். உழவு மெசினும் அறுவடை மெசினும் வந்த பின்பு, யுத்தம் பலரை ஊரை விட்டுப் பெயர்த்த பின்பு, கனடாவிலும் சுவிசிலும் இருந்துகொண்டு காணி வைத்திருப்பவர்கள் உருவான பின்பு, அந்த அடுக்குகளுக்கு என்ன ஆனது? குத்தகை முன்பணமாகப் போகிறதா, விளைவில் பங்காகப் போகிறதா? வெள்ளம் வந்தால், 2011 ஜனவரியில் வந்ததுபோல், நட்டத்தை யார் சுமக்கிறார்? இது எழுதப்பட வேண்டிய ஆய்வேடு. மட்டக்களப்பைத் தவிர வேறெங்கும் இருந்து எழுத முடியாத ஆய்வேடு.

உரம் நின்ற வருடம்

பொருளியல் ஆய்வால் என்ன பிரயோசனம் என்று கேட்பவருக்கு 2021ஐக் காட்டலாம். அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு ஒரே இரவில் சேதனப் பசளைக்கு மாறும் என்றார்கள். இலங்கை விவசாயப் பொருளியலாளர் சங்கம் சில வாரங்களுக்குள் தன் ஆரம்ப மதிப்பீட்டைச் சொன்னது: முழுவதும் சேதனத்துக்கு மாறினால் நெல் விளைச்சல் 25 சதவீதம், தேயிலை 35, தெங்கு 30 குறையலாம். வெரிற்றே ஆய்வு நிறுவனம் அந்த ஜூலையில் நாடளாவிய கணிப்பு ஒன்றில் விவசாயிகளிடமே கேட்டது. 85 சதவீதமானோர் விளைச்சல் விழும் என்றார்கள். பேராதனையின் பயிர் விஞ்ஞானப் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாக விமர்சித்தார். நவம்பரில் விவசாய அமைச்சு, தன்னிடத்தில் அவர் வகித்த பதவிகளில் இருந்து அவரை நீக்கியது. அதே மாதம் தடையும் தளர்ந்தது. ஆனால் பெரும்போகம் அதற்குள் விதைக்கப்பட்டுவிட்டது.

2020/21 பெரும்போகத்தில் நாடு ஏறத்தாழ 30 இலட்சம் தொன் நெல் எடுத்தது. 2021/22 பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. மிகைப்படுத்துகிறார்கள் என்று அப்போது ஏசப்பட்ட பொருளியலாளர்கள் உண்மையில் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். காரணமும் இருக்கிறது: சேதனப் பசளை வேண்டிய அளவு, வேண்டிய நேரத்தில் வயலுக்கு வரும் என்ற எடுகோளில் அவர்கள் கணக்குப் போட்டார்கள். அது வரவில்லை. சீனாவில் இருந்து கப்பலில் வந்த பசளை நோய்க்கிருமிச் சந்தேகத்தால் இறக்கப்படாமல் திரும்பியது. அதற்கு 67 இலட்சம் டொலரும் கட்டப்பட்டது.

இங்கே எனக்கு உறுத்துவது வேறு. அந்த மதிப்பீடு கொழும்புக்கும் பேராதனைக்கும் இடையில் நடந்த வாதம். படுவான்கரைக் கமக்காரர் அமைப்பு ஒன்றின் மேசைக்கு, ‘இந்தப் போகம் ஏக்கரைக் குறையுங்கள், இந்த இனத்தை விதையுங்கள், கடனை இவ்வளவோடு நிறுத்துங்கள்’ என்று அது இறங்கி வரவில்லை. ஒவ்வொரு போகமும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. நீர்ப்பாசன அதிகாரி வருகிறார், கமநல அதிகாரி வருகிறார், பிரதேச செயலாளர் வருகிறார். ஆய்வேடு எழுதியவருக்கு அங்கே ஒரு நாற்காலி இருந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

அப்படி நடந்ததும் உண்டு, வெகுதூரத்தில் அல்ல, கல்லோயாவில். 1980களின் தொடக்கத்தில், இன்றைய ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து கல்லோயா இடதுகரையில் இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் குடியிருத்தின. 1981இல் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நாலில் ஒரு பங்கு அளவே இருந்தது. வழக்கமாக அப்படியான போகம் அடிபிடியில் முடியும். அந்த முறை மேல்மடை விவசாயிகள் வாய்க்காலைச் சிரமதானமாகத் துப்புரவாக்கி, முறைவைத்து, கடைமடைக்குத் தண்ணீர் விட்டார்கள். மேலே சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழர்களும் இருந்தார்கள், காலம் 1981. நோர்மன் அப்ஹோஃப் இதை 1992இல் புத்தகமாக்கினார். பொதுவளத்தைப் பாவிப்பவர்களே ஆளலாம் என்று காட்டி 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரமின் எழுத்திலும் இலங்கை நீர்ப்பாசனம் இடம்பிடித்தது.

சித்தாண்டியில் ஒரு தலைப்பு

பொதுவளம் என்றதும் வந்தாறுமூலை வாசலுக்கே வரலாம். 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில், வீதியோரத்தில், பாற்பண்ணையாளர்கள் உட்கார்ந்தார்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் வெளியில் இருந்து வந்தவர்கள் காணி பிடித்துப் பயிர் செய்கிறார்கள், மாடுகள் சுடப்படுகின்றன, வெட்டப்படுகின்றன என்பது அவர்களின் முறைப்பாடு. போராட்டம் ஒரு வருடத்தைத் தாண்டியது. செய்திகளில் அது இனப் பிரச்சினையாக, காணிப் பிரச்சினையாக, சட்டப் பிரச்சினையாக வந்தது. மூன்றும் உண்மை. அதற்குள் ஒரு பொருளியல் இயந்திரமும் இருக்கிறது, அதைக் கழற்றிப் பார்த்தவர் குறைவு.

பெரும்போகம் விதைக்கும்போது மாடுகள் வயல்வெளியில் நிற்க முடியாது. எந்தத் திகதிக்குள் அகற்ற வேண்டும் என்று ஆரம்பக் கூட்டமே தீர்மானிக்கும். மாடுகள் மேய்ச்சல் தரைக்குப் போகும். அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து ஒட்டு மேயும், எரு போடும். மேய்ச்சல் தரை போனால் மாடு போகும் இடம் வயல்தான். அப்போது வேளாண்மைக்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் சண்டை. இருவரும் பல நேரம் ஒரே வீட்டார். ஆக, மயிலத்தமடுவின் புல்லுக்கு உள்ள பெறுமதியில் ஒரு பங்கு பாலிலும் தயிரிலும் இருக்கிறது, இன்னொரு பங்கு பல மைல் தள்ளியிருக்கும் நெல்வயலின் வேலியில்லாத பாதுகாப்பில் இருக்கிறது. இந்த இரண்டாவது பங்கை யாராவது ரூபாயில் எழுதிக் காட்டினால், நீதிமன்றத்திலும் மாவட்டச் செயலகத்திலும் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

செய்ய முடியாத ஆய்வல்ல. மாட்டுக்காரர் கணக்கு எழுதி வைப்பதில்லைதான். ஆனால் பால் சேகரிப்பவர் எழுதுவார்: ஆள், திகதி, எத்தனை லீற்றர், என்ன விலை. கமநல நிலையத்தில் பயிர்ச்சேத முறைப்பாடுகள் கிடக்கும். ஆரம்பக் கூட்ட அறிக்கைகளில் மாடு அகற்றும் திகதிகள் வருடவாரியாக இருக்கும். மூன்றையும் பத்து வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆய்வேட்டின் முதல் இரண்டு அத்தியாயம் தானாக நிற்கும். மேற்பார்வையாளர் பேராதனையில் இருக்கட்டும், கோயம்புத்தூரில் இருக்கட்டும். தரவுக்குப் பல்கலைக்கழக வாசலில் வாழைச்சேனை பஸ் ஏறினால் போதும். மாவடிவேம்பு தாண்டியதும் சித்தாண்டி.